நூல் விவரங்களை இணையத்திலிருந்து தானாகத் திரட்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களின் ஐஎஸ்பிஎன் எண்களை (நூலின் ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்) எக்செலில் தட்டெழுதி வைத்திருக்கிறேன். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர் ஆகியவற்றைத் தானாக நிரப்ப முடியுமா?

பதில்: முடியும். ஓப்பன் லைப்ரரி, கூகுள் புக்ஸ் ஆகிய நூல் தகவல் தளங்கள் இரண்டுமே எண்ணைக் கொடுத்தால் விவரத்தைத் தரும் ஏபிஐ வசதி (ஒரு நிரல் நேரடியாகத் தகவலைக் கேட்டுப் பெறும் வழி) கொண்டவை. ஆனால் அதற்கு முன் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். எண்களுக்கான நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று அமைக்காவிட்டால், பதின்மூன்று இலக்க எண் 9.78E+12 என்பது போன்ற அடுக்குக்குறி வடிவில் சுருங்கித் தோன்றும். அப்படியே சிஎஸ்வி (வெறும் எழுத்து வடிவப் பட்டியல்) கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனவை போனவைதான்.

கேள்வி: பழைய பத்து இலக்க எண்களின் முன்னால் 978 சேர்த்துத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே?

பதில்: கடைசி இலக்கத்தை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். அது நூலுக்கு உரியதன்று, மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். 0306406152 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இறுதி 2-ஐ நீக்கி, முன்னால் 978 சேர்த்தால் 978030640615 கிடைக்கும். இதன் இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 93 வரும். அடுத்த பத்தின் மடங்கான 100-ஐ எட்ட 7 தேவை. ஆகவே சரியான எண் 9780306406157. இதே கணக்கை நீங்கள் தட்டெழுதிய எல்லாப் பதின்மூன்று இலக்க எண்களுக்கும் போட்டுப் பார்த்தால், தட்டெழுத்துப் பிழைகளில் பெரும்பாலானவை இணையத்துக்குப் போகும் முன்பே சிக்கிவிடும்.

கேள்வி: ஒரே எண்ணுக்கு இரண்டு தளங்கள் இரு வேறு ஆண்டுகளையும் பக்க எண்ணிக்கையையும் தருகின்றன. எதை நம்புவது?

பதில்: கையில் உள்ள நூலின் உரிமப் பக்கத்தை (பதிப்பு விவரங்கள் அச்சிடப்பட்ட பக்கம்) நம்புங்கள். அந்த எண் குறிப்பிட்ட ஒரு பதிப்பைச் சுட்டுகிறதே தவிர படைப்பைச் சுட்டுவதில்லை. கெட்டி அட்டைக்கும் மென் அட்டைக்கும் எண் வேறு. மறு அச்சின் ஆண்டைப் பதிப்பின் ஆண்டாகப் பதிந்துவிடுவதும், முன்னுரைப் பக்கங்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் எண்ணுவதும் சாதாரணமாக நடப்பவை. இணையத்திலிருந்து வருவதை நான் வரைவாகவே கருதுகிறேன். ஒவ்வொரு பதிவிலும் அது எங்கிருந்து, எந்த நாளில் வந்தது என்பதற்கு ஒரு புலமும் (தனி நெடுவரிசை), கையால் திருத்தப்பட்டதா என்பதற்கு இன்னொரு புலமும் வையுங்கள். இரண்டாவது புலம் இல்லையென்றால், அடுத்த முறை நிரலை ஓட்டும்போது நீங்கள் உட்கார்ந்து திருத்திய அத்தனையும் அழிந்துவிடும். (இதை நான் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.)

கேள்வி: ஒரே தமிழ் ஆசிரியர் பெயர் பட்டியலில் இரண்டு முறை வருகிறது. பார்வைக்கு எழுத்துகள் ஒன்றாகத்தான் உள்ளன.

பதில்: பார்வைக்குத்தான் ஒன்று. ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தரவுத்தளத்தில் சேர்க்கும் முன் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இத்தகைய இரட்டைக் குறிகளை ஒரே குறியாக இணைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். பெயரின் தலைப்பெழுத்துகளுக்குப் (இனிஷியல்) பின் இடைவெளி விடுவதா என்பதையும் ஒரு முறை முடிவு செய்து, அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: எண்ணே இல்லாத பழைய நூல்களுக்கு?

பதில்: ஐஎஸ்பிஎன் பன்னாட்டுத் தரமாக வந்ததே 1970-இல்தான். அதற்கு முந்தைய நூல்களைத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடி, கிடைக்கும் பதிவுகளில் பொருந்துவதை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதலில் வருவதைத் தானாக ஏற்கும்படி நிரலை அமைக்காதீர்கள்.