சக்கரம் யார் நாக்கில் சுற்றுகிறது?

கேள்வி: ஆங்கிலத்தில் ஸ்பின், வெர்ல், ட்வெர்ல், ஸ்வெர்ல், வெர்ர் என்று சுழல்வதற்கே எத்தனை சொற்கள்! சொல்லும்போதே சக்கரம் ஓடும் சத்தம் காதில் விழுகிறது. நாம் ‘சுற்று’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மாரடிக்கிறோமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒன்றுதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்போம்.

‘வெர்ர்’ என்பதை லண்டன் செய்தி வாசிப்பாளர் வாயால் கேட்டிருக்கிறீர்களா? ‘வ’வைக் கொஞ்சம் இழுத்து நிறுத்திவிடுவார். ர் கிடையாது. தென் இங்கிலாந்துப் பேச்சில் இப்படிச் சொல் முடிவில் வரும் ர் உதிர்ந்து வெகுகாலம் ஆகிறது. டபிள்யூவை அடுத்து எழுதுகிற ஹெச்சும் ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்த வகைச் சொற்களுக்கு ஹெச்தான் முதல் எழுத்து. மூச்சை ஊதித்தான் சொல்லையே தொடங்குவார்கள். இப்போது காற்றும் போச்சு, அதிர்வும் போச்சு. எழுத்தில் மட்டும் இரண்டு ஆர் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் இன்னும் பலர் ஊதித்தான் சொல்கிறார்கள். நாமோ பள்ளிக்கூடத்தில் எழுத்தைப் பார்த்து ர்-ஐ அழுத்தியே படித்தவர்கள். ஆக, நீங்கள் ரசித்ததில் பாதி உங்கள் தமிழ் நாக்கு போட்ட சத்தம்.

அப்புறம், இவை எல்லாம் ஒரே வேலைக்கு வைத்த பல ஆட்களும் அல்ல. மீசை நுனியை விரலால் முறுக்கினால் ட்வெர்ல். பாவாடை விரிய ஒரு சிறுமி ஒரு சுற்றுச் சுற்றினாலும் அதுவே. டிகாஷனில் பால் விழுந்ததும் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து கரைகிறதே, அது ஸ்வெர்ல்; ஸ்காட்லாந்துக்காரர்கள் நீர்ச்சுழிக்கு வைத்திருந்த பெயர். காபியைப் போய் ஸ்பின் என்றால் சிரிப்பார்கள்.

ஸ்பின்னுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது பஞ்சைத் திரித்து நூல் நூற்ற சொல். கோவைப் பக்கம் ‘ஸ்பின்னிங் மில்’ பலகையில் அந்தப் பழைய பொருள் இன்னும் மாறாமல் இருக்கிறது. சும்மா சுழல்வது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டியது. நூல் நூற்றவளை ஸ்பின்ஸ்டர் என்றார்கள். பிறகு கல்யாணமாகாத பெண்ணுக்குச் சட்டப் பத்திரத்தில் அதையே அடைமொழியாக்கிவிட்டார்கள். ராட்டையைத் தொடாதவளுக்கும் அதே பெயர்தான், பாவம். சிலந்தியின் ஆங்கிலப் பெயரும் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. அதுவாவது ஒழுங்காக நூற்கிறது.

வெர்ல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த சொல். பழைய நார்ஸ் மொழியில் அதன் உறவுக்காரச் சொல் வட்டத்தையும் உச்சந்தலையையும் குறித்தது. ஜெர்மானியர் அதே வேரிலிருந்து ஆற்றுச் சுழலுக்கும் தலைமுடிச் சுழலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் ‘சுழி’தான். ஆற்றில் சுழி, தலையில் இரட்டைச் சுழி, கட்டைவிரல் ரேகையில் சுழி. போதாதென்று ன-வுக்கு இரண்டு, ண-வுக்கு மூன்று.

‘சுற்று’ ஒன்றுதான் என்றீர்கள். பூமி தன் அச்சில் சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே பிரித்துச் சொல்லும். உருளும், புரளும், கிறுகிறுக்கும் வேறு வேறு. இன்னொன்று இருந்தது: கறங்கு. பழைய பாட்டில் பறை கறங்கும், அருவி கறங்கும். அங்கே அது ஒலி. சுழல்வதற்கும் அதே சொல்தான், ஓலைக் காற்றாடிக்குக் கறங்கு என்றே பெயர். நீங்கள் ஆங்கிலத்தில் தேடியது அப்படியே இதில் இருக்கிறது. அகராதிக்குள் போட்டு மூடியது நாம்தான்.

போன வாரம் எங்கள் அலுவலகத்து மின்விசிறி தகராறு செய்தது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, “சத்தம் வருதுப்பா” என்றேன். “எப்படி சார்? உம்முனு நின்னுக்கிட்டு இருக்கா, கிரீச்சுனு கத்துதா, லொடலொடன்னு ஆடுதா?” என்று கேட்டார். முதலாவது என்றால் கண்டென்சர், இரண்டாவது பேரிங், மூன்றாவது இறக்கையில் ஸ்க்ரூ லூஸ் என்று அவரே விளக்கினார். லொடலொட என்றேன். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தார்.