வாசகர் கேள்வி பதில்: சிரோதாராவா, குருவாயூரா?

கேள்வி: வணக்கம் டாக்டர், அப்பா தவறினதுல இருந்து அம்மாவுக்கு சரியா தூக்கமே இல்ல, நடு ராத்திரி எழுந்து உக்காந்துக்கறாங்க, டாக்டர் குடுத்த தூக்க மாத்திரை ஓடிட்டு இருக்கு. சித்தி கேரளா போய் நெத்தியில தைலம் விடற சிரோதாரா பண்ணுங்கன்றாங்க, மாமாவோ குருவாயூர் கிருஷ்ணன் கோயில்ல தங்கி சாமி கும்பிட்டு பஜனம் இருந்தா போதும், மாத்திரைய நிறுத்துன்றார். மந்திரம், பூஜை எல்லாம் நிஜமாவே ஆயுர்வேதத்துல இருக்கா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: இருக்கும்மா. பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் வைத்தியத்தை மூணா பிரிக்கிறார். மந்திரம், ஹோமம், விரதம், க்ஷேத்திர யாத்திரை எல்லாம் தெய்வவியபாஸ்ரயம், மருந்து, சாப்பாடு, பத்தியம் எல்லாம் யுக்திவியபாஸ்ரயம், மூணாவது சத்வாவஜயம், அதாவது மனசு தனக்கு ஆகாததுலயே போய் விழாம பிடிச்சு நிறுத்தறது. உங்க சித்தியும் மாமாவும் விட்டுட்டது இந்த மூணாவதைத்தான், அம்மாவுக்கு முதல்ல வேணும்னு எனக்கு படறதும் அதுதான். இன்னொரு ஆயுர்வேத ஆசிரியர் வாக்படரும் அஷ்டாங்க ஹிருதயம்ங்கற தன் நூல்ல மனசோட தோஷத்துக்கு உயர்ந்த மருந்துன்னு புத்தி, தைரியம், ஆத்ம ஞானம் இதுகளைத்தான் சொல்றார். வீட்ல இதை எப்படி செய்யறதுன்னா, அம்மா அப்பாவ பத்தி பேச ஆரம்பிச்சா பேச்சை மாத்தாதீங்க, முழுசா பேச விடுங்க, சாயங்காலம் தனியா விடாம யாராவது கூட உக்காருங்க, பூவோ காய்கறியோ அவங்க கைக்கு பழகின வேலைய திரும்ப அவங்க கையிலயே குடுங்க.

சிரோதாரா நல்லதுதான். மரத்தோணியில படுக்க வச்சு, கண்ணுல எண்ணெய் இறங்காம நெத்திக்கு கீழ துணி கட்டி, நாலு விரற்கடை உயரத்துல தொங்கற சட்டியோட திரி வழியா இளஞ்சூட்டு தைலம் நெத்தியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா விழுந்துட்டே இருக்கும், முடிஞ்சதும் தலைய துவட்டி உச்சியில ராஸ்னாதிங்கற மூலிகைப் பொடி தேய்ப்பாங்க. ஆனா ஒரு நாள் பண்ணிட்டு அன்னைக்கே பஸ் ஏறி வர்றதுல பலன் கிடையாது, தொடர்ச்சியா சில நாள் பண்ணணும், அதுக்கப்புறமும் கண் முழிக்காம, காத்து படாம, அதிகம் பேசாம பத்தியமா இருக்கணும். தைலமா மோரான்னு வைத்தியர் உடம்பைப் பாத்துதான் முடிவு பண்ணணும், பாக்காமலேயே பேக்கேஜ் சொல்ற இடத்துக்கு தயவுசெஞ்சு போகாதீங்க.

மாமா சொல்ற குருவாயூருக்கும் பெரிய வழக்கம் இருக்கு. மேல்பத்தூர் நாராயண பட்டதிரிங்கற கவி வாத நோயோட அங்க உக்காந்து ஒரு நாளைக்கு ஒரு தசகம், அதாவது சுமார் பத்து சுலோகம்னு, நூறு தசகத்துல குருவாயூரப்பன் மேல நாராயணீயம் பாடி 1586-ல முடிச்சப்போ நோய் விலகினதா நம்பிக்கை. அம்மாவுக்கு அங்க மனசு ஒட்டும்னா கண்டிப்பா கூட்டிட்டு போங்க, ஆனா நடை திறந்ததும் நடக்கற முதல் தரிசனமான நிர்மால்ய தரிசனத்துக்குன்னு விடிகாலை 3 மணிக்கு கியூல நிக்க வைக்காதீங்க, தூக்கம் கெட்ட உடம்பு தாங்காது, சாயங்காலம் தீபாராதனை பாத்தா போதும்.

மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, மாமா சொன்னாலும் சரி. குடுத்த டாக்டர்கிட்ட கேட்டு, அவர் சொல்ற மாதிரி மெதுவா குறைக்கலாம். வைத்தியர்கிட்ட போறப்போ அந்த மாத்திரை சீட்டையும் எடுத்துட்டு போங்க. இனி எதுக்கு இருக்கணும்னு அம்மா வாயில ஒரு வார்த்தை வந்தாகூட அன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க, கேரளா பயணத்தை அப்புறம் பாத்துக்கலாம்.