ஒன்றரை மாதத்தில் வந்த மறதி

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்கு வயது 72. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஒன்றரை மாதமாகப் பேத்தி பெயரை மாற்றிச் சொல்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார், தொட்டதற்கெல்லாம் கோபம். அதற்குச் சில வாரம் முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார், காயமில்லை. அல்சைமர் மாத்திரை தொடங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அல்சைமர் வருடக்கணக்கில் மெல்ல வளர்வது. ஒன்றரை மாதத்தில் ஆளே மாறினால் வேறு காரணம் தேட வேண்டும். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வழுக்கல்தான் எனக்குக் கவலை.

வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்தாலே ஒன்று கிழிந்து, ரத்தம் சிறுகச் சிறுகக் கசியும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து கூடுதல். வாரங்கள் கழித்து அந்த ரத்தம் மூளையை அழுத்தும்போதுதான் மறதி, தூக்கம், கோபம் எல்லாம் வரும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று மாறி மாறியும் இருக்கும்.

இன்றே ஒன்று பாருங்கள். அப்பாவை உட்காரவைத்து, இரு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய நேராக நீட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடி 20 விநாடி. ஒரு கை உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்குகிறதா? நடக்கையில் ஒரு கால் செருப்பு மட்டும் கழன்றுகொள்கிறதா? இருந்தால் இன்றே கிளம்புங்கள். இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போகலாம். விழுந்த தேதியையும் ஆஸ்பிரினையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சில வாரம் பழசான ரத்தம் ஸ்கேனில் மூளையின் நிறத்திலேயே தெரியும், கண்ணுக்குத் தப்பிவிடலாம். சந்தேகமிருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ரத்தம் அதிகமாகத் தேங்கியிருந்தால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடிப்பார்கள். பலர் பழையபடி தெளிந்துவிடுகிறார்கள். சிலருக்கு மறுபடி தேங்கும் என்பதால் பிறகும் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஸ்கேனில் ஒன்றுமில்லையா? ரத்தத்தில் சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம் (உப்புச்சத்து), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பாருங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் மறதி தரும். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளி, தூக்க மாத்திரைகளே சிலரைக் குழப்பிவிடும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, எழுப்பினாலும் எழாத தூக்கம் - இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய ஊர். உடனே 108-ஐ அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.