கொன்றவர்களைச் சுட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: பணியில் இருக்கும் காவலரையே கொல்லத் துணிந்தவர்களை, நீதிமன்றம், சாட்சி என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்காமல், பிடித்த இடத்திலேயே சுட்டுவிட்டால் என்ன? அதுதானே இறந்த காவலருக்குச் செய்யும் மரியாதை?

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் போனால், அந்தக் காவலரின் கொலை வழக்குதான் பாதியில் செத்துப்போகும்.

2020 ஜனவரி 8 அன்று இரவு, கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். தேடப்பட்ட இருவரும் அடுத்த வாரமே கர்நாடகத்தின் உடுப்பியில் உயிரோடு பிடிபட்டார்கள். அவர்களை விசாரித்த பிறகுதான் கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி எர்ணாகுளத்தில் கண்டெடுக்கப்பட்டது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு மாறி, அந்த இருவரோடு நில்லாமல் மேலும் சிலர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. உடுப்பியிலேயே இருவரையும் சுட்டிருந்தால், அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்ல யார் மிஞ்சியிருப்பார்கள்?

2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இரவு ரோந்தின்போது ஆடு திருடியவர்களை இரு சக்கர வாகனத்தில் துரத்திச் சென்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அவர்களையும் வரிசையில் நிறுத்திச் சுட வேண்டும் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

தன் உயிருக்கு ஆபத்து என்னும்போது சுடுவதற்குக் காவலருக்குச் சட்டம் இடம் தருகிறது. பூமிநாதன் கொலைக்குப் பின் அன்றைய டிஜிபி சைலேந்திரபாபுவும் அதற்குத் தயங்க வேண்டாம் என்றே கூறினார். கைவிலங்கு பூட்டப்பட்டவரைச் சுடுவது வேறு. ஒவ்வொரு என்கவுன்டர் மரணத்துக்கும் முதல் தகவல் அறிக்கை பதிந்து, சிஐடியோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருக்கிறது. கைதட்டிய நாமெல்லாம் வீட்டுக்குப் போய்விடுவோம். குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவை நம்பிச் சுட்ட இன்னொரு காவலர்தான்.

வழக்குகள் இழுத்தடிக்கப்படுகின்றன என்ற உங்கள் குறை நியாயமானது. அதற்கு நாம் கேட்க வேண்டியது, காவலர் கொலை வழக்குகளுக்குத் தனி அரசு வழக்கறிஞர், தடய அறிவியல் அறிக்கைக்குக் காலக்கெடு, சாட்சிகள் பிறழாமல் இருக்கப் பாதுகாப்பு ஆகியவற்றை. இவற்றை எந்த அரசியல் மேடையிலும் யாரும் கோரி நான் கேட்டதில்லை. மேற்சொன்ன இரு குடும்பங்களுக்கும் அரசு 1 கோடி ரூபாய் அறிவித்தது, அறிவிக்கத்தான் வேண்டும். ஆனால் காவலர்களை இரவில் சோதனைச் சாவடியிலும் ரோந்திலும் நிறுத்துகிறவர்கள், உடன் எத்தனை பேர், கையில் என்ன ஆயுதம், அழைத்தால் எத்தனை நிமிடத்தில் உதவி வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் வகுத்திருக்கிறார்களா? 21 குண்டுகள் முழங்க உடல் அடக்கம் செய்யப்படும் நாளில் உங்கள் கோபம் இந்தக் கேள்வியாக எழுந்து, பதில் வரும்வரை உள்துறையை விடாமல் துரத்தட்டும்.