வினிகர் வாடை வீசும் படப்பெட்டிகள்

கேள்வி: மூடிவிட்ட தியேட்டரிலிருந்து பழைய 35 எம்.எம். பிரிண்ட்கள் கிடைத்தன. டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாடை. ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓட்டவே ஓட்டாதீர்கள். அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையும்போது வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலம் வெளிவரும், பிலிமும் சுருங்கும். ஓரத் துளைகளின் இடைவெளி குறைந்துவிடுவதால் புரொஜக்டரின் பற்சக்கரத்தில் பொருந்தாமல் கிழிந்துபோகும். வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் தூண்டுவதால், இறுக மூடிய டப்பாவுக்குள் சேதம் இன்னும் வேகமாகும்.

வாடையுள்ள ரீல்களை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து எடுத்துக் காற்றுத்துளையுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வையுங்கள். ஏ-டி ஸ்ட்ரிப் என்னும் சோதனைத்தாளை ரீலோடு ஒரு நாள் மூடி வைத்தால் நிலைமை தெரியும். நீலமாகவே இருந்தால் கவலையில்லை. பச்சையானால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் ஸ்கேனுக்கு முதலில் போகவேண்டிய ரீல் அதுதான். சிதைந்ததைச் சரிசெய்ய வழியே இல்லை. குளிரும் குறைந்த ஈரப்பதமும் வேகத்தை மட்டுப்படுத்தும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பகலில் ஏ.சி. போட்டு இரவில் அணைத்தால் பிலிமில் ஈரம் கோக்கும்.

1950களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிம், எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அது தண்ணீருக்குள்ளும் எரியும். வீட்டில் வைக்காமல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: கலர் பிரிண்ட் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. கம்ப்யூட்டரில் மீட்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: பழைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்களில் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முதலில் வெளுத்து, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) மிஞ்சுகிறது. சயான் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கம்ப்யூட்டரில் நிறத்தைச் சீர்செய்யும் கலரிஸ்ட் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். அடியோடு போயிருந்தால் திரையில் வரும் நிறம் வெறும் ஊகம். பிரிண்ட்டோடு மல்லுக்கட்டும் முன் நெகட்டிவைத் தேடுங்கள்.

கேள்வி: 4கே ஸ்கேன் முடிந்தது. ஹார்டு டிஸ்கில் வைத்துவிட்டு பிலிமைத் தூக்கிப் போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: கூடாது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமிக்கும் 10 பிட் டிபிஎக்ஸ் கோப்பில் ஒரு ஃபிரேம் சுமார் 51 எம்பி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 ஃபிரேம், ஏறத்தாழ 11 டெராபைட். இதை எல்டிஓ என்னும் கம்ப்யூட்டர் காந்த டேப்பில் மூன்று பிரதியாக எடுத்து, ஒன்றையாவது வேறு ஊரில் வையுங்கள். எல்டிஓ-8 டிரைவ் 7, 8 ஆகிய தலைமுறை டேப்களை மட்டுமே படிக்கும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது டேப்புக்கு மாற்றியே ஆகவேண்டும். ஒரு முறை தவறினால் கோப்பு இருந்தும் பயனில்லை.

பிலிமுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சத்யஜித் ராயின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் தீ விபத்தில் கருகின. பிரதியெடுக்கவே முடியாத நிலையிலும் அவற்றை எறியாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் பின்னர் இத்தாலியின் பொலோன்யா ஆய்வகத்தில் அவற்றுக்கு ஈரமூட்டி இளக்கி, பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ படங்களின் கணிசமான பகுதியை மூல நெகட்டிவிலிருந்தே 4கேயில் ஸ்கேன் செய்ய முடிந்தது.