முதல் வியட்நாம் பயணம்: சீட்டைத் தள்ளி எடுத்து ஏழு ஊர் பார்க்கலாமா?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். கணவருக்கும் எனக்கும் சேர்த்து மாதம் 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 7. வீட்டில் யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. வரும் மே விடுமுறையில் வியட்நாம் போக ஆசைப்படுகிறோம். டிராவல் ஏஜென்ட் ஒருவர் 10 நாள் பேக்கேஜ் கொடுத்திருக்கிறார். ஹனோய், சாபா, ஹாலாங், டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம், ஃபூ குவோக் தீவு என்று ஏழு இடங்கள். விமான டிக்கெட் உட்பட தலைக்கு 1,05,000, நான்கு பேருக்கு 4,20,000. பயணத்துக்கென்றே சேர்த்தது 2,30,000 இருக்கிறது. 2 லட்ச ரூபாய் சீட்டு ஒன்றில் 20 மாதத்துக்கு 8 மாதம் கட்டியிருக்கிறோம். 40,000 தள்ளிக் கேட்டால் இப்போதே எடுக்கலாம் என்கிறார் கணவர். இல்லையென்றால் பர்சனல் லோன். அவசரத்துக்கு 1,50,000 டெபாசிட் தனியாக இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. ஒரே ஒரு முறை போகப் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா? நான் சைவம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.
— வாசகி, திருச்சி

பதில்: சீட்டா, லோனா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்த ஊர்ப் பட்டியலைப் பார்த்துவிடுவோம். 4,20,000 என்ற தொகையே அதிலிருந்துதான் வந்திருக்கிறது.

வியட்நாம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற நாடு. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், ரயிலில் போனால் 30 மணி நேரத்துக்கு மேல். அதனால் ஏஜென்ட் உங்களை விமானத்தில் ஏற்றுகிறார். ஹனோயிலிருந்து டா நாங், அங்கிருந்து ஹோ சி மின், அங்கிருந்து ஃபூ குவோக், திரும்பவும் ஹோ சி மின். நான்கு பேருக்கு 16 உள்நாட்டு டிக்கெட். பெட்டிக்குக் கட்டணம் சேர்த்து டிக்கெட் ஒன்று 4,500 ரூபாய் என்று வைத்தால் 72,000 ஆகிறது. ஏர்போர்ட்டுக்குப் போகவர வேன் செலவு தனி. இதற்கு நடுவே ஹனோயிலிருந்து சாபாவுக்கு பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், திரும்பி வர இன்னொரு ஐந்தாறு மணி நேரம். ஹாலாங்குக்கு 160 கிலோமீட்டர். பத்து நாளில் கிட்டத்தட்ட பாதி பெட்டி கட்டுவதிலும் காத்திருப்பதிலும் போய்விடும். ஏழு வயதுப் பிள்ளையோடு அதைச் செய்வதற்குக் கடன் வேறு வாங்க வேண்டுமா?

சரி, எந்த ஊரை வைத்துக்கொள்வது? மே மாதம்தான் போக முடியும் என்பதால் விடையில் பாதியை மாதமே சொல்லிவிடுகிறது. மே பிறந்தால் தெற்கே ஹோ சி மின், ஃபூ குவோக் பக்கம் மழை தொடங்கிவிடும். வடக்கே ஹனோயில் புழுக்கமும் இடிமழையும். நடுவிலுள்ள டா நாங், ஹோய் ஆன், ஹுவே வட்டாரத்தில் மட்டும் அப்போது வானம் தெளிந்து கடல் அமைதியாக இருக்கும். வெயில் உண்டு, ஆனால் திருச்சிக்காரர்களை அது ஒன்றும் செய்யாது. அதே ஊர்களுக்கு அக்டோபர், நவம்பரில் போனால் கதை வேறு. ஹோய் ஆன் பழைய தெருக்களில் ஆற்று வெள்ளம் ஏறுகிற மாதங்கள் அவை. அப்போது அறை மலிவாகக் கிடைப்பதன் காரணம் அதுதான்.

தேதியிலும் ஒரு கண் வேண்டும். ஏப்ரல் 30 அவர்களுக்கு நாடு ஒன்றான நாள், மே 1 தொழிலாளர் தினம். இரண்டும் சேர்ந்து வருவதால் உள்ளூர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள், அறை வாடகை எகிறும். ஜூனில் அவர்கள் பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கும், திரும்பவும் கூட்டம். மே இரண்டாவது, மூன்றாவது வாரம் இடையில் கிடைக்கிற சந்து. நம்மூர்ப் பள்ளி விடுமுறைக்கும் பொருந்துகிறது.

ஆகவே டா நாங்கில் மூன்று இரவு, ஹோய் ஆனில் மூன்று இரவு. இரண்டுக்கும் இடையே 30 கிலோமீட்டர்தான், ஒரே டாக்ஸியில் முடிந்துவிடும். டா நாங் இரவுகளில் ஒரு சனி அல்லது ஞாயிறு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றின் குறுக்கே டிராகன் உருவத்தில் ஒரு பாலம் இருக்கிறது. வார இறுதி இரவு 9 மணிக்கு அதன் வாயிலிருந்து நெருப்பும், அதன் பிறகு தண்ணீரும் சீறும். கரையில் நின்று பார்க்க ஒரு பைசா செலவில்லை. தண்ணீர் பாயும் நேரத்தில் தலைக்கு நேர் கீழே நிற்பவர்கள் தொப்பலாக நனைவார்கள். உங்கள் மகள் ஊர் திரும்பிப் பேசப்போவது இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். மீ கே கடற்கரைக்கும் டிக்கெட் கிடையாது.

காசு கரையும் இடம் பா நா ஹில்ஸ். ரோப் காரில் மலையேறி, கல்லைப் போலவே செய்த இரண்டு பெரிய கைகள் தாங்கும் தங்கப் பாலத்தில் போட்டோ எடுக்கும் இடம். பெரியவர் ஒருவருக்கு ஒன்பது, பத்து லட்சம் டாங் ஆகும், நம் பணத்தில் 3,000 ரூபாய்க்கு மேல். அங்கே பிள்ளைகளுக்கு வயது கேட்க மாட்டார்கள், உயரம் அளப்பார்கள். ஒரு மீட்டருக்குக் கீழே இலவசம், 1.4 மீட்டர் தாண்டினால் முழு டிக்கெட். 12 வயதுப் பையனைச் சுவரில் நிறுத்தி இன்றே அளந்துவிடுங்கள், டிக்கெட் கணக்கு சரியாக வரும். எனக்கு அந்த இடத்தின் மேல் பெரிய மதிப்பில்லை. இருந்தாலும் பிள்ளைகளோடு போகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

ஹுவேயில் தங்க வேண்டாம். டா நாங்கிலிருந்து 100 கிலோமீட்டர்தான். காலையில் காரில் போய் அரண்மனைக் கோட்டையைப் பார்த்துவிட்டு மாலையில் ரயிலில் திரும்புங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே ரயில் வரும். ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் மீ சன் இருக்கிறது. அந்த வட்டாரத்தை ஆண்ட சாம் மன்னர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து பல நூறு ஆண்டுகள் கட்டிய செங்கல் சிவன் கோயில்களின் இடிபாடுகள். அரை நாள் போதும். லிங்கமும் ஆவுடையாரும் காட்டுக்குள் நிற்பதை நம் ஆட்கள் பார்க்காமல் வருவது சரியில்லை.

இனி பணம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக டா நாங்குக்கே போய் இறங்கலாம், ஹனோய்க்கோ ஹோ சி மின்னுக்கோ போகத் தேவையில்லை. போகவர தலைக்கு 27,000 என்று போடுகிறேன், நால்வருக்கு 1,08,000. இதில் இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிக்க இரண்டு விமானத்தையும் தனித்தனியாக புக் செய்யாதீர்கள். ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் நான்கு புது டிக்கெட் உங்கள் தலையில்.

நால்வர் தங்கும் குடும்ப அறை இரவுக்கு 4,000 வீதம் 24,000. சாப்பாடு ஏழு நாளைக்கு 21,000. பா நா ஹில்ஸ் 12,000. ஹுவே காரும் ரயிலும் நுழைவுச் சீட்டும் 9,000. மற்ற டாக்ஸி, மீ சன் எல்லாம் 10,000. விசா 9,000. இன்சூரன்சும் சிம் கார்டும் 5,000. மொத்தம் 1,98,000. இவை என் மதிப்பீடுகள். புக் செய்யும் நாளில் முன்னே பின்னே ஆகும், ஆனால் 2,30,000-ஐத் தாண்ட வாய்ப்பு குறைவு. மிஞ்சும் 32,000-இல் பாஸ்போர்ட் செலவையும் முடித்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு 1,500, பிள்ளைகளுக்கு 1,000.

சாப்பாட்டுக் கணக்கில் ஒன்று. டா நாங்கில் இந்திய ஹோட்டல்கள் இருக்கின்றன, விலை உள்ளூர்க் கடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பெயர்ப் பலகையில் ‘சாய்’ என்று போட்டிருக்கும் கடைகள் பௌத்தர்களின் சைவக் கடைகள், மலிவாகவும் நன்றாகவும் இருக்கும். சாதாரணக் கடையில் வெறும் காய்கறிப் பொரியல் என்று கேட்டாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். நீங்கள் சைவம் என்பதால் ‘சாய்’ கடையைத் தேடிப் போவதே நல்லது, பர்சுக்கும் அதுதான் நல்லது.

இப்போது உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். 2 லட்சம் சீட்டில் 40,000 தள்ளினால் கைக்கு 1,60,000. கையிருப்போடு சேர்த்தால் 3,90,000. பேக்கேஜுக்கு அப்போதும் 30,000 குறைகிறது, அங்கே செலவழிக்கக் கையில் ஒன்றும் இல்லை. பாக்கி 12 தவணையும் கட்டியாக வேண்டும், எடுத்த பிறகு ஜாமீனும் கேட்பார்கள். சாபாவையும் ஃபூ குவோக்கையும் எட்டிப் பார்க்க அந்த 40,000 நீங்கள் கட்டும் கட்டணம். லோன் என்றால் 2 லட்சத்துக்கு 13 சதவீதத்தில் இரண்டு வருடம் மாதம் சுமார் 9,500 கட்டி, வட்டியாக மட்டும் 28,000 கொடுப்பீர்கள். ஒரு காலத்தில் சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தில், வட்டிக்குக் கொடுத்துக் கடை நடத்தியவர்கள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அதே ஊரைப் பார்க்க நாம் வட்டி கட்டிப் போவதை அவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

சீட்டைக் கடைசிவரை விட்டுவிடுங்கள், பதிவு பெற்ற சீட்டுதானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அது முடியும்போது கழிவு போக ஏறக்குறைய முழுத் தொகையும் கைக்கு வரும். அந்த ஆண்டு காலாண்டு விடுமுறையை ஒட்டி அக்டோபர் வாக்கில் ஹனோய், நின் பின், ஹாலாங் என்று வடக்கே ஒரு வாரம் போய் வரலாம். வடக்குக்கு அதுதான் நல்ல பருவம். ஒரே முறைதான் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? கடனில்லாமல் போனவர்கள் இன்னொரு முறை போகத்தான் செய்கிறார்கள்.

ஏஜென்ட் வழியாகத்தான் போவோம் என்றால் இந்த ஆறு இரவுத் திட்டத்துக்கே விலை கேளுங்கள். பேக்கேஜாக வாங்கினால் ஜிஎஸ்டியோடு டிசிஎஸ்ஸும், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியும், பிடிப்பார்கள். அவர் சொன்ன 1,05,000-இல் இவை சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் பதிவாகும், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். ஆனாலும் பணம் கட்டும் நாளில் அது உங்கள் பையிலிருந்துதான் போகிறது. விமான டிக்கெட்டையும் அறையையும் நீங்களே தனித்தனியாக எடுத்தால் இந்தப் பிடித்தம் வராது.

கார்டு தேய்க்கும் முன் வங்கியில் ஃபாரெக்ஸ் மார்க்அப், அதாவது வெளிநாட்டுச் செலவின் மேல் வங்கி போடும் கூடுதல் கட்டணம், எவ்வளவு என்று கேளுங்கள். 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் என்றால் 50,000 ரூபாய்ச் செலவுக்கு 2,065 ரூபாய் சும்மா போகும். மார்க்அப் இல்லாத கார்டு ஒன்று வாங்கிக்கொள்வது மேல். கடையில் மெஷின் ரூபாயிலா டாங்கிலா என்று கேட்டால் டாங்கை அழுத்துங்கள். கைச்செலவுக்கு உரிமம் பெற்ற மாற்றுநரிடம் கொஞ்சம் டாலர் வாங்கிப் போங்கள், மடிப்பும் கிறுக்கலும் இல்லாத நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே மாற்றியதும் 20,000 டாங் நோட்டையும் 5,00,000 டாங் நோட்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். இரண்டும் நீலம். ஒன்று 70 ரூபாய், மற்றது 1,700 ரூபாய். டாக்ஸி இருட்டில் மாற்றிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

இ-விசா ஒரு முறை நுழைவதற்கு 25 டாலர், பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வேண்டும். வியட்நாம் அரசின் சொந்தத் தளத்திலேயே போடலாம். அதைப் போலவே தோற்றமளித்து இரண்டு மூன்று மடங்கு வசூலிக்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், கவனம். நம் ஊர் பாஸ்போர்ட்டில் பலருக்கு சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் தளம் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லும்போது இனிஷியலைத் தட்டிவிட்டு, விசாவில் அப்பா பெயரைப் போட்டு, ஏர்போர்ட் கவுன்டரில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. காலியாக இருந்தால் எப்படி நிரப்ப வேண்டும் என்று விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்து நால்வருக்கும் ஒரே மாதிரி போடுங்கள், விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பணம் கட்டுவதற்கு முன் கணவரை ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், தவறான விசாவுக்குக் கட்டிய 25 டாலர் திரும்பி வராது.