கோர்டி ஹவ் கையெழுத்து போலி என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஒன்ராறியோவில் வசிக்கிறேன். ஐஸ் ஹொக்கி வீரர்கள் கையெழுத்திட்ட பொருட்களைச் சேகரிப்பவன். எட்டு மாதங்களுக்கு முன், இதே மாகாணத்திலுள்ள ஒரு நினைவுப்பொருள் கடையில், கோர்டி ஹவ் கையெழுத்திட்டதென்று ஒரு டிட்ரோயிட் ரெட் விங்ஸ் ஜேர்சியை 1,200 டொலருக்கு வாங்கினேன். கடைக்காரரே சான்றிதழும் எழுதித் தந்தார். ஜேர்சியில் அடிடாஸ் சின்னம் இருப்பதைப் பார்த்த நண்பர், இது போலி என்கிறார். பில்லிலோ ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்றிருக்கிறது. பணம் கிடைக்குமா? இல்லையென்றால் வேறு யாருக்காவது விற்றுவிடலாமா?

பதில்: நண்பர் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். ஹவ் காலமானது 2016 ஜூனில். என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்) அணிகள் அடிடாஸ் ஜேர்சிக்கு மாறியது 2017-18 பருவத்தில், அதுவரை ரீபொக். இறந்த பிறகு வந்த ஜேர்சியில் அவர் கையெழுத்திட்டிருக்க முடியாது. பொதுவாக இத்தகைய வழக்குகளில் ஓர் எழுத்தின் வளைவை வைத்துக்கொண்டு இரு தரப்பு நிபுணர்களும் மல்லுக்கட்டுவார்கள். உங்களுக்கு அந்தச் செலவே இல்லை.

விற்றவரே தந்த சான்றிதழ், கையெழுத்து அசல் என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ‘இது ஹவ் போட்ட கையெழுத்து’ என்று சொல்லித்தான் விற்றார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வசதியானது. வியாபாரி பொய்யான விவரம் தந்திருந்தால், ஒப்பந்தம் செய்த ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து அதை ரத்துச் செய்யலாம். போலி என்பது அவருக்கே தெரியாமல் இருந்திருந்தாலும் சரி. பில்லில் உள்ள அந்த ஒற்றை வரி இந்த உரிமையைப் பறிக்காது.

ஆக, உங்களிடம் இருப்பது நான்கு மாதம். இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: வாங்கிய தேதி, விலை, அடிடாஸ் விஷயம், ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறேன் என்ற வாக்கியம், பணம் தர ஒரு கெடு. இவை போதும். கடனட்டையில் செலுத்தியிருந்தால் அட்டை நிறுவனத்திடமும் முறையிடுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது. என் தொழிலுக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: இந்தத் தொகைக்கு வக்கீல் வைக்கத் தேவையில்லை.

வேறு சேகரிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் அல்லாமல் ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் உதவாது. விவரம் பொருந்த வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு. வழக்குப் போட, போலி என்று தெரிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருட அவகாசம்.

வேறு யாருக்காவது விற்பதா? வேண்டவே வேண்டாம். தெரிந்துகொண்டே அசல் என்று விற்றால் அது குற்றவியல் மோசடி. 5,000 டொலருக்கு உட்பட்ட தொகைக்கும் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இப்போதைக்கு அந்த ஜேர்சி உங்கள் சாட்சிப்பொருள். பணம் வந்ததும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் அதுதான். துவைக்காமல், சின்னமும் லேபிளும் தெரியும்படி படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.